ஊரைப் பார்த்து வைத்த செருப்பு

கடலுக்குப் போய் இன்னும் கரையேறாத என் அன்புச் சம்பந்தி ஏழுமலைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் எழுதிய தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் நலம். சரோஜாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பேத்தி இப்போது சண்டை மட்டும் ஜெர்மன் மொழியில் போடுகிறாள். நீங்கள் போய் ஒரு வருஷம் நெருங்குகிறது.

நீங்கள் என்னிடம் ஒரு சேதி கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பவர், என் எழுத்தோ பொடி எழுத்து. அதனால் உங்கள் கொக்கிலமேட்டுக் கரையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பதாக இருக்கிறேன். பக்கத்தில் வலை பிரிப்பவர்கள் கேட்டாலும் கேட்கட்டும். கூச்சமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படிக் கேட்கிறவர்களில் நம் இருவரையும் அறியாதவர்கள் இருக்கலாம். உங்கள் மகன் செல்வமும் என் மகள் வசந்தியும் ஒரே கல்லூரியில் படித்து, தொண்ணூற்றெட்டில் கல்யாணம் செய்துகொண்டார்கள். நான் கல்பாக்கத்தில் கருவிகளின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருந்தவன். நீங்கள் அதே கடற்கரையில் சற்று வடக்கே மீன்பிடித்துக்கொண்டிருந்தீர்கள். குடியிருப்பிலிருந்து உங்கள் குப்பத்துக்குச் சைக்கிளிலேயே வந்துவிடலாம். பிள்ளைகள் சேர்த்துவைக்கும்வரை நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

முதல்முறை எங்கள் வீட்டுக்கு நீங்கள் வந்தது நினைவிருக்கிறதா? கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரத்தை ஓலையில் சுற்றிக்கொண்டு வந்து நின்றீர்கள். நாங்கள் மரக்கறி மட்டும் உண்பவர்கள் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. என் மனைவி சரோஜா வாசலில் நின்றபடி இரண்டு கைகளையும் நீட்டவும் முடியாமல், மடக்கவும் முடியாமல் தவித்தாள். நீங்கள் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தீர்கள். பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "தங்கச்சி, இந்தா, சம்பந்தி வூட்ல குட்த்தாங்க" என்று மீனைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டே எல்லோரையும் சங்கடப்படுத்தியிருப்பேன்.

உங்கள் ஊருக்கு நான் முதலில் வந்த நாளும் நினைவிருக்கிறது. கரையில் இழுத்துப் போட்டிருந்த உங்கள் ஃபைபர் படகைப் பார்த்து, ஏதோ தெரிந்தவன்போல் அதன் விளிம்பில் செருப்புக் காலை ஊன்றினேன்.

"சம்பந்தி, செருப்பக் கயட்டு. அது சோறு போட்ற எடம்."

அதுவரை என்னை 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அன்றிலிருந்து 'நீ' ஆகிவிட்டேன். எனக்கு அது ஏனோ பிடித்திருந்தது. திருப்பிச் சொல்லத்தான் இன்றுவரை நாக்கு வரவில்லை.

பிறகு உங்கள் செருப்பைக் காட்டினீர்கள். படகு இறங்கும் இடத்துக்கு மேலே, அலை எட்டாத மணலில், ஊரைப் பார்த்து இருந்தது. கடலிலிருந்து ஏறி வருகிறவன் நடையை நிறுத்தாமல் அப்படியே காலை நுழைத்துக்கொள்ளலாம். ஒரு செருப்பின் வார் அறுந்து, நீல வலைநூலால் தைத்திருந்தது. "செருப்பு இங்க கீதுன்னா ஆளு கடல்ல கீறான். செருப்பக் காணோம்னா ஆளு வூட்ல கீறான். உன் சம்பந்தியம்மா கடலப் பாக்கவே மாட்டா. வாசல்ல நின்னு செருப்பத்தான் பாப்பா." சம்பந்தியம்மா கன்னியம்மா உள்ளேயிருந்து, "ஆமா, மூஞ்சப் பாத்தா மட்டும் இன்னா தெரியப் போவுது" என்றார்.

அன்றே என்னைப் படகில் ஏறச் சொன்னீர்கள். வயிறு சரியில்லை என்றேன். அடுத்தமுறை காற்று என்றேன். அதற்கடுத்து, கண்ணில் சொட்டுமருந்து விட்டிருக்கிறேன் என்றேன். முப்பது வருஷம் கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கியவன் ஒரு படகில்கூட ஏறியதில்லை. நீங்களும் விடாமல் கேட்டீர்கள், வற்புறுத்தவும் இல்லை. உங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிப்போனது.

போன வருஷம் செல்வம் ஹாம்பர்க்கிலிருந்து ஃபோன் செய்தான். கோடையில் கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றுக்குப் போகிறோம், அப்பாவும் மாமாவும் வாருங்கள் என்றான். தீவின் பெயர் கோஸ் என்று நான் சொன்னதும், "உனக்கு சரியான ஊருதான், முட்டகோஸுத் தீவு" என்று சிரித்தீர்கள். அந்தத் தீவிலிருந்து காலையில் கப்பல் ஏறினால் துருக்கி நாட்டில் இறங்கிச் சுற்றிவிட்டு மாலையில் திரும்பலாம் என்றும், தீவின் கரையில் நின்றாலே அந்த நாடு தெரியும் என்றும் செல்வம் சொல்லியிருந்தான். அதைச் சொன்னபோது உங்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

"நாப்பது வருசமா போயிகினுகீறேன் சம்பந்தி. எவ்ளோ தூரம் போனாலும் திரும்பி வந்து இதே மணல்லதான் எறங்குறேன். கடலுக்கு அந்தாண்ட இன்னொரு கரை கீதுன்றாங்க. நான் பாத்ததில்ல."

எனக்கு அது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. கடல் உங்களுக்கு எல்லாவற்றையும் காட்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அடுத்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். ஃபோட்டோ எடுத்தபோது கண்ணை மூடிவிட்டீர்கள், மறுபடி எடுத்தோம், மறுபடியும் மூடினீர்கள். அலையில் வெயில் அடித்தால் மூடாத கண் இந்த விளக்குக்கு மூடுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனீர்கள்.

அந்த மார்கழிக் காலையை நான் நேரில் பார்க்கவில்லை. படகைக் கரைக்கு இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அப்படியே தூக்கி ஆட்டோவில் போட்டு, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். செருப்பு கரையிலேயே நின்றுவிட்டது.

ஓய்வுக்குப்பின் நான் குடிவந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி அருகில் என்பதால் தினமும் வந்தேன். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நீங்கள் பேசினீர்கள்.

"சம்பந்தி, கோஸுக்கு நீ போயிட்டு வா."

உடம்பு தேறட்டும், சேர்ந்து போகலாம் என்றேன்.

"அத்த வுடு. அக்கரைல கால வச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு. இன்னா?"

சரி என்றேன். அதைச் சொல்லும்போதே, என்னால் இது முடியுமா என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்து அதையும் தெரிந்துகொண்டிருப்பீர்கள். செல்வம் விமானம் பிடித்து வந்து சேருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். கொள்ளி வைக்கத்தான் வந்து சேர்ந்தான், முகம் பார்த்துப் பேச அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதன்பிறகு அவன் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசியும் நான் கேட்கவில்லை.

உங்கள் செருப்பை யாரும் எடுக்கவில்லை, சம்பந்தி. மணல் மூடினால் யாராவது தட்டிவிட்டு அதே இடத்தில் வைத்துவிடுவார்கள். நாய் இழுக்காமல் இருக்க உங்கள் அண்ணன் மகன் மேலே ஒரு கல்லையும் வைத்திருந்தான். சம்பந்தியம்மா தினமும் வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். செருப்பு இருந்தால் ஆள் கடலில் என்றுதானே அர்த்தம்?

கோஸுக்குக் கிளம்புமுன் உங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தேன். சம்பந்தியம்மா ஒரு மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே செருப்பு. "அந்தக் கரைல வச்சிட்டு வந்துருங்க. இங்க வச்சிகினு எத்தினி நாளு பாக்கறது. அங்கியாவது ஏறட்டும்" என்றார். செல்வத்திடம் சொல்ல வேண்டாம், உடைந்துவிடுவான் என்றும் சொன்னார்.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

கோஸில் இறங்கிய மாலையே துறைமுகத்துக்குப் போனேன். செல்வம் சொன்னது உண்மைதான். இக்கரையில் நின்றால் அக்கரை தெரிகிறது. மலை தெரிகிறது, மலையடியில் வெள்ளை வெள்ளையாக வீடுகள். இருட்டியதும் விளக்குகள். நம் கரையில் நின்றால் வானம் வந்து தண்ணீரில் முடியுமே, அந்த இடத்தில் இங்கே ஒரு ஊர் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு இது பிடித்திருக்குமா, கடலை யாரோ குறுக்கிவிட்டார்கள் என்று தோன்றியிருக்குமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். துருக்கி விசாவை டெல்லியிலிருந்து வரவழைத்து வைத்திருந்தேன். கிரேக்கத்துக்குத் திரும்ப நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். உயிர்காக்கும் சட்டை எங்கே இருக்கும் என்று டிக்கெட் கொடுத்த அம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மாள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

மறுநாள் காலை வடக்குக் காற்று எழுந்துவிட்டது. துறைக்குள்ளேயே படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. குழந்தையை வைத்துக்கொண்டு நான் வரவில்லை என்று வசந்தி சொல்லிவிட்டாள். நீங்களும் போக வேண்டாமே அப்பா, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எத்தனை நல்ல காரணம் பாருங்கள். வயிற்றையும் கண்ணையும் சொல்லித் தப்பித்தவனுக்குக் காற்றே வந்து கைகொடுத்தது. சரிம்மா என்று சொல்ல வாயும் திறந்துவிட்டேன். கையில் இருந்த மஞ்சள் பை கனத்தது. போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

செல்வமும் நானும் மட்டும் போனோம். கப்பலில் ஏறும் பலகை அருகே என்ன நடந்தது என்று எனக்குத் தெளிவாக நினைவில்லை. பயத்தில் உங்கள் குரல்தான் காதில் இருந்தது. ஷூவைக் கழற்றி, கயிறு கட்டும் இரும்புத் தூணின் பக்கத்தில் ஊரைப் பார்த்து வைத்துவிட்டுப் பலகையில் ஏறிவிட்டேன். பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் கோயிலுக்குள் போகிறோமோ என்று திகைத்து நின்றார்கள். செல்வம் திரும்பிப் பார்ப்பதற்குள் பலகையை எடுத்துவிட்டார்கள்.

"மாமா, ஷூ எங்க?"

"கரையில இருக்குப்பா."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கப்பல் எஞ்சினியர் அவன், இரும்பு வைத்த பூட்ஸோடு கப்பலில் வாழ்கிறவன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பயணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாதிக் கடலில் வாந்தி எடுத்தேன். கம்பியைப் பிடித்த கை மரத்துப்போனது. ஆனால் ஒன்று கவனித்தேன். வெறுங்காலில் நின்றால் கப்பல் சாயப்போவது ஒரு நொடி முன்னாலேயே பாதத்துக்குத் தெரிந்துவிடுகிறது. நீங்கள் இதையெல்லாம் எனக்குச் சொன்னதில்லை. உங்களுக்கு இது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

போட்ரம் என்ற ஊரில் கப்பல் நின்றது. துறை ஓரத்தில் ஒரு பழைய கோட்டை. எல்லோரும் வரிசையாகச் சோதனையைத் தாண்டிப் போய்விட்டார்கள். என்னை மட்டும் ஒரு அதிகாரி நிறுத்தினார். மீசைக்காரர், நம் செங்கல்பட்டு ஸ்டேஷனில் பார்க்கக்கூடிய முகம். என் காலைப் பார்த்தார். பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு ஜோடிச் செருப்பு. அதைப் போட்டுக்கொள்ளாமல் வெறுங்காலோடு ஒரு கிழவன் வேற்று நாட்டில் இறங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? செருப்பை வளைத்துப் பார்த்தார். அடிப்பாகத்தை அமுக்கிப் பார்த்தார். எக்ஸ்ரே இயந்திரத்தில் போட்டு எடுத்தார். பிறகு என் முன்னால் வைத்து, போடு என்று சைகை செய்தார்.

நான் முடியாது என்று தலையை ஆட்டினேன். அவர் குரலை உயர்த்தினார். ஆங்கிலத்தில் விளக்க நினைத்தேன். எத்தனையோ அறிக்கைகள் எழுதியவன், அன்று ஒரு வாக்கியம் வரவில்லை. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் கரை, இந்தப் பக்கம் நான். உங்களிடம் வந்து என்ன சொல்வேன்? பார்த்தேன், கால் வைக்கவில்லை என்றா?

முன்னால் போயிருந்த செல்வம் திரும்பி வந்தான். மேசைமேல் பார்த்தான். அந்த நீல நூல் தையலைப் பார்த்ததும் அவன் நடை நின்றுபோனது. பிறகு மெதுவாக வந்து, விரலால் அந்தத் தையலைத் தொட்டான். அதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னான். அதில் ஃபாதர் என்பது மட்டும் எனக்குக் கேட்டது. அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

செல்வம் செருப்பை எடுத்து, குனிந்து, என் கால் முன்னால் வைத்தான்.

"போட்டுக்குங்க மாமா."

"அப்பா செருப்புப்பா அது."

"தெரியும் மாமா. அதான் போட்டுக்குங்கன்றேன்."

போட்டுக்கொண்டேன். என் காலுக்குப் பெரியது. உங்கள் பெருவிரல் அழுத்திய பள்ளத்துக்கு என் விரல் எட்டவில்லை. அதிகாரி முத்திரையைக் குத்தினார். மேசையைத் தாண்டினேன். கல் பாவிய தரை, வெயில் ஏறிச் சூடாக இருந்தது. அக்கரையில் கால் வைத்தாயிற்று, சம்பந்தி. வைத்தது யாருடைய கால் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் தீர்மானமாக எதுவும் சொல்லத் தைரியம் இல்லை.

சிறிது தூரம் நடந்ததும் செல்வம் ஒரு சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். ஊரில் சடங்கு முடியும்வரை அழாதவன் அங்கே அழுதான். தெரியாத ஊர் என்பதால் அழ முடிந்ததோ என்னவோ. நான் பக்கத்தில் நின்றேன். முதுகைத் தடவிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கை எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தது.

பிறகு சின்னக் கண்ணாடித் தம்ளரில் பாலில்லாத டீ குடித்தோம். மீன் கடைகளைப் பார்த்தோம். சங்கரா மாதிரி சிவப்பாக ஒன்று இருந்தது, பெயர் கேட்டேன், மறந்துவிட்டேன். ஒருவர் வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார், உங்களைப் போலவே. ஆனால் படகுக்குள் ரப்பர் பூட்ஸோடுதான் இறங்குகிறார்கள். அந்த ஊரில் அது வழக்கம் போலிருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் கையைத் தட்டிக் கூப்பிட்டிருப்பீர்கள். செல்வத்திடம் அப்படிச் சொன்னேன். "திட்டியே இருப்பாரு" என்று சிரித்தான்.

அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் கோஸ் தீவு தெரிந்தது. "அப்பா கேட்ட அக்கரை இதுவா மாமா, அதுவா?" என்று செல்வம் கேட்டான். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

திரும்பும் நேரம் வந்தது. கப்பலருகே செருப்பைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று வெகுநேரம் இடம் பார்த்தேன். இங்கே தடுக்கும், அங்கே வண்டி வரும் என்று நான் மாற்றிக்கொண்டே இருக்க, கப்பல்காரர் கத்தினார். கடைசியில் படிக்கட்டின் ஓரத்தில், தண்ணீரிலிருந்து ஏறி வருகிறவனுக்கு வாகாக வைத்தேன். செல்வம் ஒரு கல்லைத் தேடிக் கொண்டுவந்து மேலே வைத்தான். ஊரில் உங்கள் அண்ணன் மகன் கல் வைத்தது இவனுக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை.

மறுநாள் துறையைப் பெருக்குகிறவர் அதை எடுத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். அன்று மாலையேகூட. அதை யோசிக்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனாலும் கப்பல் விலகியபோது, அந்தக் கரையில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுக்குத்தான் நான் சாட்சி.

கோஸில் இறங்கினால் தூணடியில் என் ஷூ இல்லை. டிக்கெட் கொடுத்த அம்மாள் ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டார். காற்றில் தண்ணீரில் விழுந்துவிடும் என்று எடுத்து வைத்திருந்தாராம். அவர் மொழியில் நன்றாகத் திட்டினார். நான் போட்டுக்கொண்டேன். வசந்தி ஹோட்டல் வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்குமுன் காலைத்தான் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றியது. அப்படி இருக்க முடியாது. அவளுக்கு எதுவும் தெரியாதே.

ஊருக்கு வந்ததும் கொக்கிலமேட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மாவிடம் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். செல்வத்துக்குத் தெரிந்துபோனதையும், அவன் அழுததையும், உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டதையும் சொன்னேன். போட்டிருக்கக் கூடாதோ என்று கேட்டேன். சம்பந்தியம்மா ஒன்றுதான் கேட்டார்.

"எந்தப் பக்கம் பாத்து வச்சீங்க?"

"ஊரைப் பார்த்துதாம்மா."

"அப்ப சரி. ஏறி வந்தா மாட்டிக்குவாரு."

எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். எனக்காக மீன் வாசம் படாத பாத்திரம் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறாரே, அதில் டீ போட்டுக் கொடுத்தார். வாசலில் நின்று கரையைப் பார்த்தேன். செருப்பு இருந்த இடத்தில் வெறும் மணல். அவரும் பார்த்தார். பிறகு முதல்முறையாக, அந்த மணலுக்கு அப்பால், கடலைப் பார்த்தார்.

சேதி இவ்வளவுதான், சம்பந்தி. இனி நான் கொடுக்கும் வாக்கு. படகை இப்போது உங்கள் அண்ணன் மகன் ஓட்டுகிறான். தை பிறந்து கடல் அடங்கியதும், என்னை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். வயிறு, காற்று, கண் எதையும் சொல்ல மாட்டேன். வாந்தி எடுப்பேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் செருப்பு இருந்த இடத்தில் என் செருப்பைக் கழற்றி, ஊரைப் பார்த்து வைத்துவிட்டு ஏறுவேன். சரோஜா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். சம்பந்தியம்மா அவளுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுப்பார்.

அதுவரை அந்தப் பக்கத்து வெயிலில் கொஞ்சம் காலாற நடந்து பாருங்கள்.

படகில் உங்களுக்கு எதிரே உட்கார இடம் கேட்கும்
உங்கள் சம்பந்தி,
வசந்தியின் அப்பா ராமநாதன்
செங்கல்பட்டு